வைரல் லோடு ஒண்ணுமில்லை, அப்புறம் எதுக்கு கொலஸ்ட்ரால் மாத்திரை?

04.08.2024, மாலை 6.15
கரூர்க்காரன் கேட்டது

வயசு 44, எச்.ஐ.வி. பாசிட்டிவ். ஏ.ஆர்.டி. (வைரஸை அடக்கற கூட்டு மருந்து) ஆரம்பிச்சு பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, இப்ப டிஎல்டி (டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூணும் சேர்ந்த மாத்திரை). வைரல் லோடு, அதாவது ரத்தத்துல இருக்கற வைரஸ் அளவு, கண்டுபிடிக்க முடியாத அளவுதான் எப்பவும். சிடி4 (எதிர்ப்பு சக்தி செல் கணக்கு) 700க்கு மேல. பிபி இல்ல, சுகர் இல்ல. போன வாரம் பிரைவேட்ல ஒரு டாக்டர்கிட்ட வேற விஷயமா போனேன், அவரு கொலஸ்ட்ரால் மாத்திரை எழுதி குடுத்துட்டாரு. எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 118, நார்மல்தாங்கன்னு லேப்காரரே சொல்றாரு. வைரஸே அடங்கிக் கெடக்கறப்ப ஹார்ட்டுக்கு என்ன வந்துரப் போகுது? மருந்து கம்பெனி வியாபாரம்னுதான் தோணுது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

04.08.2024, இரவு 9.40
லாரி ஆபீஸ், நாமக்கல்

தம்பி, மாத்திரையைக் குப்பையில போட்றாதீங்க. வியாபாரம் இல்லைன்னு நான் சொல்லல, ஆனா இந்த விஷயத்துல நம்மள மாதிரி ஆளுங்களையே வெச்சு ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்துருக்கு. ரிப்ரீவ்னு பேரு. 12 நாடு, 7,769 பேர், அத்தனை பேரும் பாசிட்டிவ், அத்தனை பேரும் ஏ.ஆர்.டி. எடுக்கறவங்க, வயசு 40லருந்து 75, ஹார்ட் ரிஸ்க் கம்மி இல்லேன்னா நடுத்தரம்னு கணக்குல வந்தவங்க. இந்தியாவுல சென்னையிலயும் புனேலயும் ஆள் சேர்த்தாங்க. பாதிப் பேருக்கு பிட்டாவாஸ்டாட்டின்னு ஒரு கொலஸ்ட்ரால் மாத்திரை 4 மி.கி., மீதிப் பேருக்கு டம்மி மாத்திரை. 2023ல குறிச்ச தேதிக்கு முன்னாடியே நிறுத்திட்டாங்க, ஏன்னா பலன் தெளிவா தெரிஞ்சுபோச்சு, இனியும் டம்மி குடுத்துட்டு இருக்கறது நியாயமில்லன்னு. ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் மாதிரி பெரிய சம்பவம் 35 சதவீதம் கம்மி. சேர்றப்ப அவங்களோட எல்டிஎல் நடுமட்டம் 108. உங்களது 118ங்கறீங்க. அதாவது அந்த ஆராய்ச்சியே உங்களுக்காக நடந்த மாதிரிதான்.

லேப்காரர் சொல்ற நார்மல் ஊர்ல எல்லாருக்கும் பொதுவான நார்மல். நம்ம கணக்கு வேற.

04.08.2024, இரவு 10.20

படுக்கலாம்னு போனேன், இன்னொண்ணு ஞாபகம் வந்துச்சு. "வைரஸே அடங்கிக் கெடக்கறப்ப"ன்னு எழுதியிருக்கீங்கல்ல, அங்கதான் சிக்கல். ரத்தத்துல தெரியற அளவுக்கு இல்ல, அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். நெணநீர் கட்டியில, குடல்ல அது பதுங்கித்தான் இருக்கு. அதுபோக ஆரம்பத்துலயே அது குடல் சுவத்தைக் கெடுத்துருது, அந்த ஓட்டை முழுசா அடையறதில்ல, குடல்ல இருக்கற பாக்டீரியாவோட துணுக்கு ரத்தத்துல கசிஞ்சுட்டே இருக்கும். உடம்போட காவல் படை அதைப் பார்த்து எப்பவும் முழிச்சுட்டே இருக்கும். நியூட்ரல்ல நிக்கிற வண்டி மாதிரி, ஊர் போகல ஆனா டீசல் எரியுது. அந்த முழிச்சுட்டு இருக்கற செல்லுங்க ரத்தக் குழாய் சுவத்துக்குள்ள பூந்து கொழுப்பைச் சேர்க்குது. கால்சியம் படிஞ்சு கெட்டியான அடைப்பு ஆகறதுக்குப் பதிலா நமக்கு மெத்துன்னு இருக்கற அடைப்பு அதிகமாம், அதுதான் திடீர்னு வெடிக்கறது. 2018ல உலகம் பூரா வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததுல எச்.ஐ.வி. இருக்கறவங்களுக்கு இதய நோய் வாய்ப்பு சுமாரா ரெண்டு மடங்குன்னு வந்துச்சு.

பின்குறிப்பு: எங்க ஆபீஸ்ல "லோடு இல்ல"ன்னா முகம் தொங்கிரும், ஏ.ஆர்.டி. சென்டர்ல "லோடு இல்ல"ன்னா லட்டு வாங்கித் தரலாம். ரெண்டு லோடுக்கு நடுவுலதான் என் பொழப்பு.

05.08.2024, காலை 7.05

ஒருத்தர் கேட்டுருக்காரு, இவ்வளவு சொல்றீங்களே உங்களுக்கு என்ன ஆச்சுன்னு. சொல்றேன், கொஞ்சம் நீளம்.

நான் எஸ்எல்என் (ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிராபின்) காலத்து ஆளு. 2004 ஏப்ரல்ல அரசாங்கம் இலவசமா ஏ.ஆர்.டி. குடுக்க ஆரம்பிச்சப்ப தமிழ்நாட்டுல தாம்பரம் நெஞ்சக மருத்துவமனைதான். ராத்திரி பஸ் ஏறி விடிகாலை இறங்கி வரிசையில நிப்போம். அதுல இருந்த ஸ்டாவுடின் உசிரைக் காப்பாத்துச்சு, மூஞ்சியைக் கொண்டு போச்சு. கன்னம் ஒட்டிரும், கை காலுல நரம்பு புடைச்சு நிக்கும், கொழுப்பெல்லாம் வயித்துல போய் உக்காந்துக்கும். வாயைத் தொறந்து சொல்லவே வேண்டாம், பஸ் ஸ்டாண்ட்ல ஒருத்தரை ஒருத்தர் மூஞ்சியை வெச்சே கண்டுபிடிச்சுருவோம். அப்புறம் உலக சுகாதார நிறுவனமே அதை நிறுத்தச் சொல்லிருச்சு, நமக்கு வேற வேற மாத்திரை மாறி டிஎல்இ (டோலுடெகிராவிருக்குப் பதிலா எஃபாவிரென்ஸ்), 2020-21 வாக்குல டிஎல்டி.

டிஎல்டி வந்ததும் நல்லா சாப்பிட்டேன், நல்லா தூங்குனேன், பேண்ட் பத்தல. ஊர்ல எல்லாரும் "இப்பத்தான் ஆளு தேறிட்டான்"னாங்க. எங்களுக்கு ஒல்லின்னா பயம், குண்டுன்னா ஆரோக்கியம், அப்படியே மனசுல பதிஞ்சு போச்சு. தொப்பையைப் பார்த்து சந்தோஷப்பட்ட கூட்டம் நாங்க.

2022ல ஒரு நாள் ஆபீஸ்ல டிரிப் ஷீட் எழுதிட்டு இருக்கறப்ப நெஞ்சு நடுவுல கல்லு வெச்ச மாதிரி ஒரு அழுத்தம், தாடை வரைக்கும் இழுக்குது, சட்டை நனைஞ்சு போச்சு. பக்கத்து கிளினிக்ல கேஸ்னு ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. ஈசிஜி எடுக்கல. வீட்டுக்கு வந்தும் வேர்வை நிக்கல, எங்க வீட்டம்மாதான் ஆட்டோ புடிச்சு பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனாங்க. அடைப்பு, ஸ்டென்ட். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல செஞ்சாங்க. மணிக்கட்டு வழியா பண்ணுனாங்க, முடிஞ்சதும் கையில ஒரு பிளாஸ்டிக் பட்டை கட்டி உள்ள காத்து அடிச்சு வெப்பாங்க, நர்ஸம்மா அப்பப்ப வந்து சிரிஞ்சுல கொஞ்சம் கொஞ்சமா காத்தை உறிஞ்சுவாங்க, ரத்தம் கசியுதான்னு குனிஞ்சு பார்ப்பாங்க. என் நோய் தெரிஞ்சும் ஒரு சாதாரண கிளவுஸ் மட்டும் போட்டுட்டு அந்தப் பொண்ணு "வலிக்குதுங்களாப்பா"ன்னு கேட்டுச்சு. தாம்பரம் காலத்துல தொடவே யோசிச்சவங்களையும் பார்த்தவன் நான், அதனால அது பெருசா பட்டுச்சு.

அப்ப என் வைரல் லோடு எவ்வளவு தெரியுமா? கரூர் தம்பிக்கு இருக்கற அதே அளவு.

05.08.2024, காலை 7.12

ஆமா, பீடி உண்டு. வண்டி ஓட்டுன காலத்துலருந்து. அதைப் பத்தி தனியா எழுதறேன், இப்ப கடையைத் திறக்கணும்.

09.08.2024, இரவு 8.50

பீடி.

டென்மார்க்ல 2013ல ஒரு கணக்கு போட்டாங்க. ஒழுங்கா சிகிச்சை எடுக்கற, ஆனா புகை பிடிக்கற பாசிட்டிவ் ஆளுங்க, எச்.ஐ.வி.யால இழக்கற வருஷத்தைவிட புகையால இழக்கற வருஷம் ரெண்டு மடங்குக்கும் மேல. அதாவது நாம எதைக் கண்டு ராத்திரியெல்லாம் தூங்காம கெடந்தோமோ அதைவிடப் பெரிய எமனை சட்டைப் பையில வெச்சுட்டுத் திரிஞ்சோம். சென்டர்ல எத்தனையோ வருஷமா கவுன்சலிங், காண்டம் கேப்பாங்க, மாத்திரை தவறாம போட்டீங்களான்னு கேப்பாங்க, எண்ணிக்கூடப் பார்ப்பாங்க, இருமல் இருக்கான்னு டிபிக்குக் கேப்பாங்க. பீடி எத்தனைன்னு என்கிட்ட யாரும் அழுத்திக் கேட்டதில்ல. அவங்களைக் குறை சொல்லி என்ன, அன்னிக்கு எங்களை உசிரோட வெக்கறதே பெரிய பாடு, அம்பது வயசு வரைக்கும் இவன் இருப்பான்னு யாரு நெனச்சா.

ஸ்டென்ட்டுக்கு அப்புறம் விட்டுட்டேன். நைட் லாரி டீக்கடை வாசனை வந்தா இப்பவும் விரல் தேடும். ஹான்ஸ் பக்கம் போயிராதீங்க, அதுவும் புகையிலைதான், வாயில புகை வரலைங்கறதுதான் வித்தியாசம்.

10.08.2024, காலை 6.30

கரூர் தம்பி மறுபடி கேட்டுருக்காரு: "அப்ப ஏ.ஆர்.டி. மாத்திரையாலதான் ஹார்ட் கெடுதுன்னா அதைக் கொறைச்சுக்கலாமா, விட்டு விட்டு எடுக்கலாமா?"

கூடாது. கூடவே கூடாது. இதை நீங்களா கேட்கறீங்களோ வாட்ஸப்ல எவனாச்சும் அனுப்புனானோ தெரியல, ஆனா இதுக்கு விடை 2006லயே வந்தாச்சு. ஸ்மார்ட்னு ஒரு ஆராய்ச்சி, 5,472 பேர். ஒரு கூட்டம் விடாம எடுக்கணும், இன்னொரு கூட்டம் சிடி4 நல்லா இருக்கறப்ப நிறுத்தி வெச்சு எறங்குனா மறுபடி ஆரம்பிக்கணும். நிறுத்துனா பக்கவிளைவு கொறையும், ஹார்ட்டுக்கு நல்லதுன்னு எதிர்பார்த்தாங்க. நடந்தது தலைகீழ். நிறுத்துனவங்கள்ல சாவும் கூட, இதயச் சம்பவமும் கூட. அதையும் பாதியிலயே நிறுத்த வேண்டி வந்துச்சு. வைரஸ் தலை தூக்குனா அந்தக் காவல் படை இன்னும் கொதிக்கும், அதுதான் காரணம்.

மாத்திரை மேல பழியே இல்லையான்னா, இருக்கு. 2003ல டேட்னு ஒரு பெரிய ஆய்வு, பழைய கூட்டு மருந்து எடுக்கற ஒவ்வொரு வருஷத்துக்கும் மாரடைப்பு வாய்ப்பு 26 சதவீதம் ஏறுதுன்னு சொல்லுச்சு. கேக்க பயங்கரமா இருக்கும், ஆனா ஆரம்பம் ரொம்பச் சின்ன எண்ணு, அதுல 26 சதவீதம். அந்தக் காலத்து மருந்துங்க சிலது கொழுப்பை ஏத்தும், சுகரை ஏத்தும். 2008ல அதே ஆய்வுல அபகாவிர்ங்கற ஏ.ஆர்.டி. மருந்து மேல சந்தேகம் வந்துச்சு, வருஷக்கணக்கா ஆமா இல்லன்னு சண்டை போட்டாங்க, போன மாசம் மியூனிக் மாநாட்டுல ரிப்ரீவ் ஆளுங்க தரவும் அபகாவிர் எடுத்தவங்களுக்கு இதயச் சம்பவம் கூடன்னு காட்டிருச்சு. கிட்னி சரியில்லாம டெனோஃபோவிர் ஒத்துக்காதவங்களுக்கு நம்ம ஊர்ல அபகாவிர் குடுக்கறதுண்டு. அப்படி எடுக்கறவங்க டாக்டரைக் கேளுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. திரும்பத் திரும்ப சொல்றேன்னு நெனைக்காதீங்க, நீங்களா நிறுத்தாதீங்க.

18.08.2024, மாலை 4.00

35 சதவீதம்னு முதல் நாள் எழுதுனேன். அதை அந்த அளவுலயே விட்டா மருந்துக்கடைக்காரன் பேசற மாதிரி இருக்கும், அதனால இன்னொரு பக்கத்தையும் சொல்லிர்றேன். ஆயிரம் பேரை ஒரு வருஷம் பார்த்தா, டம்மி எடுத்தவங்கள்ல ஏழு பேர் சொச்சத்துக்கு சம்பவம் வந்துச்சு, மாத்திரை எடுத்தவங்கள்ல அஞ்சு பேருக்கும் கொஞ்சம் கம்மி. 7.32, 4.81 சரியான எண்ணு. 106 பேர் அஞ்சு வருஷம் முழுங்குனா ஒருத்தருக்கு வர வேண்டியது வராமப் போகும். அந்த ஒருத்தர் யாருன்னு யாருக்கும் தெரியாது. இலவசமாவும் கெடைக்கல: சுகர் வந்தவங்க மாத்திரை பக்கம் 5.3 சதவீதம், டம்மி பக்கம் 4. தசை வலி 2.4க்கு 1.4.

இதைப் பார்த்துட்டு "எனக்கு வேண்டாம்"னு ஒருத்தர் முடிவு பண்ணுனா அவரை முட்டாள்னு சொல்ல மாட்டேன், வருஷக்கணக்கா மாத்திரை முழுங்கறவனுக்கு இன்னொரு மாத்திரைன்னா வர்ற சலிப்பு எனக்குத் தெரியும். ஆனா என்னைக் கேட்டா, அப்பாவுக்கோ அண்ணனுக்கோ சின்ன வயசுல அட்டாக் வந்த குடும்பம், ஆரம்பத்துல சிடி4 ரொம்பக் கீழ போனவங்க, பிபி, சுகர், பீடி இதுல ஏதாச்சும் இருக்கறவங்க யோசிக்காம எடுக்கலாம். இந்த பிப்ரவரியில அமெரிக்க வழிகாட்டியும் 40லருந்து 75 வயசு பாசிட்டிவ் ஆளுங்களுக்கு இதைச் சேர்த்துருச்சு, பத்து வருஷத்துக்கான ஹார்ட் ரிஸ்க் 5 சதவீதத்துக்கு மேலன்னா எடுக்கச் சொல்லுது, அதுக்குக் கீழன்னா எடுக்கறது நல்லதுங்கற மாதிரி சொல்லுது. பிட்டாவாதான் வேணும்னு இல்ல, அதே வகை மாத்திரையான அட்டோர்வா 20 மி.கி., ரோசுவா 10 மி.கி. இதுவும் சரிங்குது. கரூர் தம்பி, உங்க சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு நீங்க இன்னும் சொல்லவே இல்ல.

18.08.2024, மாலை 5.45

அட்டோர்வா 10ஆம். சரி, அந்த டாக்டர்கிட்ட 20 பத்திக் கேட்டுப் பாருங்க. இந்த விவரத்தையெல்லாம் அவருகிட்ட சொல்லி, நோயையும் சொல்லணும். சொல்லியிருக்கீங்களா?

01.09.2024, இரவு 9.15

சொல்லலையாம். அதைத்தான் எதிர்பார்த்தேன்.

நான் திட்டல தம்பி. கேஷுவாலிட்டியில நான் படுத்துருந்தப்ப என் வீட்டம்மா என் காதுல குனிஞ்சு "சொல்லலாமா வேண்டாமா"ன்னு கேட்டாங்க. சொன்னா கையைக் கழுவிருவாங்களோன்னு பயம். 2017ல போட்ட எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பர்ல அமலுக்கு வந்துருச்சு, நோயைக் காட்டி சிகிச்சை மறுக்கறது தப்பு. சட்டம் இருக்கு, வாசல்ல நிக்கிற ஆளுக்கு அது தெரிஞ்சுருக்கணுமே. ஆனா ஒரு காரணத்துக்காக சொல்லித்தான் ஆகணும்: மருந்து ஒண்ணோட ஒண்ணு மோதும்.

டிஎல்டி எடுக்கறவங்களுக்கு பெருசா சிக்கல் இல்ல. செகண்ட் லைன்ல (முதல் கூட்டு மருந்து கேக்காம மாத்துன அடுத்தது) இருக்கறவங்க, அதாவது அடாசனாவிர், லோபினாவிர், டாருனாவிர் கூட ரிட்டோனாவிர் சேர்ந்து வரும்ல, அவங்கதான் உஷாரா இருக்கணும். சிம்வாஸ்டாட்டின்னு இன்னொரு கொலஸ்ட்ரால் மாத்திரை, அதை அவங்க தொடவே கூடாது, ரத்தத்துல அளவு எகிறி தசை கரைஞ்சு கிட்னி போயிரும். அட்டோர்வாவும் அளவாத்தான். ஸ்டென்ட்டுல ரத்தம் கட்டாம இருக்கக் குடுக்கற க்ளோபிடோக்ரெல் ரிட்டோனாவிர் இருந்தா சரியா வேலை செய்யாது, டிகாக்ரெலார் ரொம்ப ஏறி ரத்தக்கசிவு ஆகலாம், பிராசுக்ரெல்தான் ஒத்துப் போகுமாம். இதை கார்டியாலஜி டாக்டர்தான் பார்த்து முடிவு பண்ணணும், ஆனா நீங்க வாயைத் தொறக்கலேன்னா அவருக்கு எப்படித் தெரியும்? நோய் பேரைச் சொல்ல நா எழலேன்னா மாத்திரை டப்பாவைக் காட்டுங்க.

நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துல 2023லருந்து இதயம் காப்போம் திட்டம் இருக்கு. நெஞ்சு வலின்னு போனா ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வான்னு மொத்தம் 14 மாத்திரையை அங்கயே குடுத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. செகண்ட் லைன் ஆளா இருந்தாலும் அந்த நேரத்துல வேண்டாம்னு அடம் புடிக்காதீங்க, போட்டுக்கிட்டு, இன்ன மாத்திரை எடுக்கறேன்னு சொல்லிருங்க. கேஸ்னு நெனச்சு சோடா குடிச்சுட்டு வீட்ல உக்காந்துறாதீங்க, எனக்கு ஊசி போட்ட கிளினிக் மாதிரி இடத்துல நேரத்தைத் தொலைக்காதீங்க.

02.09.2024, காலை 6.50

கேஸ்னதும் ஞாபகம்: அந்த ரோஸ் கலர் கேஸ் டானிக் குடிக்கறவங்க, டோலுடெகிராவிரை அதுக்கு 2 மணி நேரம் முன்னாடி இல்லேன்னா 6 மணி நேரம் கழிச்சுப் போடணும். ஒண்ணா போட்டா அதுல இருக்கற அலுமினியமும் மெக்னீசியமும் மாத்திரையைப் புடிச்சு வெச்சுக்கும், உடம்புல சேராது.

22.09.2024, மாலை 3.30

கோவை அக்கா ஒருத்தங்க எழுதியிருக்காங்க, "எல்லாம் ஆம்பளைங்க கதையாவே இருக்கு"ன்னு. நியாயம். புருஷன்கிட்டருந்து வந்து, புருஷனும் போய்ச் சேர்ந்து, புள்ளைங்களைத் தனியா வளர்த்த அக்காங்க நம்ம ஊர்ல எத்தனை பேர். அவங்களுக்கு நெஞ்சு வலின்னா வேலை அலுப்புன்னு சொல்லிச் சொல்லியே அடக்கிருவாங்க. 2007ல பாஸ்டன் பக்கம் ரெண்டு பெரிய ஆஸ்பத்திரி பதிவேட்டை எடுத்துப் பார்த்தாங்க. எச்.ஐ.வி. இல்லாதவங்களோட ஒப்பிட்டா ஆம்பளைங்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு 1.4 மடங்கு, பொம்பளைங்களுக்குக் கிட்டத்தட்ட 3 மடங்கு. ரிப்ரீவ்லயும் மூணுல ஒரு பங்கு கிட்ட பெண்கள்தான். வலி இல்லாம வெறும் மூச்சு வாங்கறது, முதுகுக்கு நடுவுல பாரம், தாடை வலி, வாந்தி, காரணமில்லாத அசதி இப்படியும் வரலாம் அக்கா. மாசவிலக்கு நின்னப்புறம் இன்னும் கவனமா இருங்க. மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து பிபி, சுகர் பார்க்கறாங்கல்ல, கையை நீட்டுங்க. அவங்ககிட்ட நோயைச் சொல்லணும்னு ஒண்ணுமில்ல, பிபி பார்க்க பிபி மெஷின் போதும்.

20.10.2024, இரவு 10.05

தீபாவளி வருது, சாப்பாட்டைப் பத்தி மூணு பேர் கேட்டாச்சு. முட்டை சாப்பிடலாமான்னு நாமக்கல்காரன்கிட்ட கேட்டா நான் என்னத்தைச் சொல்ல, ஊரை விட்டுத் தள்ளி வெச்சுருவாங்க. மஞ்சள் கருவைவிட ரேஷன் பாமாயில்தான் எனக்குப் பெரிய பிரச்சனையாப் படுது. லிட்டர் 25 ரூபாய், யாரு விடுவா, ஆனா அதுல ஏறக்குறைய பாதி கெட்ட கொழுப்பு. முறுக்கும் அதுல, வடையும் அதுல, மீந்த எண்ணெயில மறுநாள் பொரியல். எங்க வீட்ல இப்ப தாளிக்க கடலெண்ணெய், அளவு ஸ்பூன்ல. பாமாயிலை வாங்கி விளக்குக்கு வெச்சுக்கறோம்.

சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் பத்திக் கேட்டவருக்கு: டோலுடெகிராவிர் அதோட அளவை ரத்தத்துல ஏத்தும், அதனால ஒரு நாளைக்கு மொத்தம் 1000 மி.கி. தாண்டாம பார்த்துப்பாங்க. உங்களுக்கு 2000 எழுதியிருந்தா சுகர் டாக்டருக்கு ஏ.ஆர்.டி. விஷயம் தெரியலைன்னு அர்த்தம்.

19.01.2025, காலை 11.20

பொங்கல் முடிஞ்சு ஆபீஸ் காலி, டிரைவருங்க இன்னும் திரும்பல. கரூர் தம்பி நல்ல சேதி போட்டுருக்காரு. அந்த டாக்டர்கிட்டயே போய் சொல்லிட்டாராம், அவரு முகம் மாறலையாம், "அதை முதல்லயே சொல்லியிருந்தா 20தான் எழுதியிருப்பேன்"னாராம். மூணு மாசத்துல எல்டிஎல் 118லருந்து 71. சந்தோஷம்.

அவரோட இன்னொரு கேள்வி, டிஎல்டியும் அட்டோர்வாவும் ராத்திரி ஒண்ணா போடலாமான்னு. போடலாம், ரெண்டும் மோதாது, ஒரே வேளையா இருந்தா மறக்காது. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை எடுத்தா மட்டும் சாப்பாட்டோட சேர்த்துப் போடுங்க, வெறும் வயித்துல டிஎல்டியோட வேண்டாம். தொடையில வலி வந்தா ரெண்டு நாள்ல தானா போகுதான்னு பாருங்க, போகலைன்னாலோ மூத்திரம் டீ டிகாஷன் கலர்ல போனாலோ அன்னிக்கே டாக்டரைப் பாருங்க. சுகர் மட்டும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா பார்த்துட்டு இங்க போடுங்க.